இறால் வடைக் கடை முன்னால் நின்றவள்

பாலு,

நீ பாரீஸ் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தந்தி நேற்று வந்தது. தந்தி என்றதும் நான் கை நீட்டி வாங்கவில்லை. கொண்டுவந்தவரே பிரித்துப் படித்து, "நல்ல சேதிதாம்மா, பயப்படாத" என்றார். வெளிநாட்டுக்கு எழுதுகிற நீலத் தாளில் இடம் போதாது என்று உன் பழைய காலேஜ் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் எழுத்து கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஐந்தாவதோடு நின்றவள் நான். நான் சமையல் வேலை பார்த்த மதாம் வீட்டு அடுப்படியில் வாரப் பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துத் தேறிய தமிழ் இது. மருமகளுக்கும் வாசித்துக் காட்டு. பாரீஸிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. அவளுக்காக, உனக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் உன் குரல் இடறினால் நிறுத்திக்கொள். ஆனால் அவள் ஏன் என்று கேட்டால் மறைக்காதே. இந்த வீட்டில் மறைத்தது போதும்.

உனக்குப் புத்தி சொல்வதற்காக எழுதவில்லை என்று ஆரம்பித்தால் அது பொய். சொல்லத்தான் போகிறேன், பெற்றவளால் சொல்லாமல் இருக்க முடியுமா. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ ஒன்பதாவது படித்த வருடம் உன் பள்ளிக் கெர்மெஸ் விழாவில், நீ போட்ட கடை முன்னால் நான் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி. பன்னிரண்டு வருடமாக நீயும் அதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை. நீ பேசாதது உன் நல்ல மனது. நான் பேசாதது கோழைத்தனம். இரண்டும் ஒன்றல்ல.

உன் அப்பா மில்லில் தறி ஓட்டியவர். உனக்கு ஏழு வயதில் நெஞ்சு நோய் வந்து போய்ச் சேர்ந்தார். எனக்குத் தெரிந்த ஒரே வேலை சமையல். மதாம் வீட்டுக்கு ஆள் வேண்டும் என்று கீரை விற்கிற அம்மாதான் வந்து சொன்னாள். மதாம் குடும்பம் சைகோனில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய தமிழ்க் குடும்பம். பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போய்ப் பதினைந்து வருடம் ஆகியும் அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. காலையில் காபிக்கு நீள ரொட்டி, எதற்கெடுத்தாலும் நன்றி சொல்ல ஒரு மெர்சி. அங்கேயே தங்கிச் சமைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் லீவு. "புள்ளகுட்டிக்காரி வாணாங்கிறாங்க. முன்ன இருந்தவ புள்ளைங்களுக்குன்னு பாதி சோத்தத் தூக்கினு போயிட்டாளாம். கேட்டா இல்லன்னு சொல்லிடு" என்று கீரைக்காரம்மா சொல்லிக் கொடுத்தாள்.

மதாம் கேட்டார். இல்லை என்ற ஒரு வார்த்தையோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஏன் இல்லை என்று கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் என் வாய் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டது. "ஆம்பளப் புள்ள ஒன்னு பொறந்துச்சு மதாம். மூணாம் மாசமே போயிடுச்சு" என்றேன். பாலு, உன்னைத்தான் சொன்னேன். வேறு பிள்ளை எனக்கு ஏது. அந்த நேரத்தில் நீ அரியாங்குப்பத்தில் உன் சின்னம்மா வீட்டு வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருந்தாய். மதாம் என் மேல் பரிதாபப்பட்டு, அன்றைக்கே வேலையில் சேரச் சொல்லிவிட்டார்.

உன்னை என் தங்கையிடம் விட்டேன். ஞாயிறு மதியம் பாலத்தைத் தாண்டி ஓட்டமும் நடையுமாக வருவேன். வந்ததும் அடுப்பைப் பற்ற வைத்து வாணலியை ஏற்றுவேன். வடையோ பஜ்ஜியோ, எண்ணெயிலிருந்து எடுக்கிற முதல் ஈடு உனக்குத்தான். சின்னம்மாவின் பிள்ளைகள் முறைப்பார்கள். முறைக்கட்டும் என்று விட்டுவிடுவேன். வாரத்தில் ஆறரை நாள் யார் யாருக்கோ முதலில் பரிமாறுகிற கை இது. ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டாவது என் பிள்ளைக்கு முதலில் போக வேண்டும் என்று ஒரு வீம்பு. மதாம் வீட்டுத் தெருப் பக்கமே வரக்கூடாது என்று உன்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பிள்ளை இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்ற அளவுக்கு உனக்குத் தெரியும். நீ செத்துப்போனதாகச் சொல்லித்தான் அந்த வேலையை வாங்கினேன் என்பது உனக்குத் தெரியாது.

கெர்மெஸ் என்றால் என்ன என்று மருமகளுக்கு விளக்க வேண்டாம், அது அவர்கள் ஊர்ச் சொல்தான். நம் ஊர்ப் பள்ளியில் அது எப்படி நடந்தது என்று நீதான் அவளுக்குச் சொல்ல வேண்டும். மைதானம் முழுக்கக் கீற்றுக் கொட்டகை, வளையம் எறிகிற விளையாட்டு, ஒலிபெருக்கியில் பாட்டு. ஒவ்வொரு வகுப்புப் பிள்ளைகளும் ஒரு தின்பண்டக் கடை போட வேண்டும். மற்ற வகுப்புகள் சுண்டல், சர்பத் என்று எளிதாக முடித்துக்கொண்டபோது, உன் வகுப்பு இறால் வடை போடும் என்று நீ எழுந்து நின்று சொல்லிவிட்டாய். உன் சிநேகிதன் சேகர் தேங்காய்த்திட்டுக்காரன், பொடி இறால் கொண்டுவருவதாக ஏற்றுக்கொண்டான். வடை யார் போடுவது என்று வாத்தியார் கேட்டதற்கு, "எங்கம்மா சொல்லிக் குடுப்பாங்க சார்" என்றாயாம்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். அந்த நான்கு ஞாயிறு மாதிரி எனக்கு வாழ்க்கையில் வேறு நாள் கிடைக்கவில்லை. கடலைப்பருப்பில் ஒரு பிடியை அரைக்காமல் எடுத்துவை, தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரை, இறாலை மஞ்சள் போட்டு நீர் வற்ற வதக்கி ஆறவிட்டுக் கடைசியில் சேர், பூண்டைத் தோலோடு தட்டிப் போடு. நீ எல்லாவற்றையும் கணக்குப் பாடம் மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டாய். முதல் வாரம் வடை எண்ணெயிலேயே உதிர்ந்துபோனது. "இத வடன்னு சொன்னா போலீசு புடிக்கும்டா" என்று நான் சிரித்தேன். உனக்கு அழுகை வந்துவிட்டது. நான்காவது வாரம் ஒன்றுகூட உடையவில்லை. "கெர்மெஸ் அன்னிக்கி நீ வரணும். ஞாயித்துக்கெழமதான, லீவுதான உனக்கு? மொத ஈடு உனக்கு எடுத்து வெப்பேன். யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றாய். வருகிறேன் என்று உன் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

அந்த ஞாயிறு நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது மதாம் கூப்பிட்டார். பேத்தி அடம் பிடிக்கிறாள், எல்லாரும் பள்ளிக்கூடத்துக் கெர்மெஸுக்குப் போகிறோம், நீயும் வா, குழந்தையைத் தூக்கிக்கொள் என்றார். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தலைவலி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் வீட்டிலேயே இருக்க வேண்டும், உன் கடையைத் தூரத்திலிருந்துகூடப் பார்க்க முடியாது. தூரத்தில் நின்று பார்த்துவிடலாம், மதாமை வேறு பக்கம் அழைத்துப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கெல்லாம் இப்படித்தான்.

மைதானத்தில் நுழைந்ததுமே இறால் வாசம் அடித்தது. "இறால் வடையாம், வா" என்று மதாம் முன்னால் நடந்தார். நீ பம்பு ஸ்டவ்வுக்குப் பின்னால் நின்றிருந்தாய். நெற்றியெல்லாம் வேர்வை, கையில் ஜல்லிக்கரண்டி. நான்தான் உன்னை முதலில் பார்த்தேன். அப்புறம் நீ என்னைப் பார்த்தாய். உன் முகம் மலர்ந்ததே, அதை நான் எப்படி எழுதுவது. கரண்டியை உயரத் தூக்கிக் காட்டினாய். நான் தலையைக் குனிந்து, இடுப்பில் இருந்த குழந்தையின் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி நின்றேன். வார் நன்றாகத்தான் இருந்தது. நான் நிமிர்ந்தபோது உன் கரண்டி கீழே இறங்கியிருந்தது. உன் பக்கத்தில், ஒரு தட்டு வாழையிலை போட்டு மூடி இருந்தது.

மதாம் ஒரு வடையைப் பிட்டு வாயில் போட்டார். "நல்லா இருக்கேப்பா. யார் செஞ்சது?"

"நாங்கதான் மதாம். எங்கம்மா சொல்லிக் குடுத்தாங்க" என்றாய். என்னைப் பார்க்கவில்லை.

"கேட்டியா? உன்ன மாதிரியே பூண்டத் தோலோட தட்டிப் போடச் சொல்லிருக்காங்க" என்று மதாம் என் பக்கம் திரும்பினார். பிறகு உன்னிடம், அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், அதில் சந்தேகம் இல்லை, "இவளுக்கும் ஒன்னு குடுப்பா. இவளுக்கும் ஒரு ஆம்பளப் புள்ள பொறந்து மூணு மாசத்துலயே செத்துப்போச்சு. இருந்திருந்தா உன் வயசு இருக்கும், பாவம்" என்றார்.

எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது. நீ என்னைப் பார்த்தாய். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இவன்தான் மதாம் என் பிள்ளை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும், வேறென்ன ஆகியிருக்கும். வேறு வீடு கிடைத்திருக்கும். கிடைக்காவிட்டால் இட்லி சுட்டு விற்றிருப்பேன். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது உன் பள்ளிக்கூடம், உன் புத்தகம், சின்னம்மா வீட்டுச் சோறு எல்லாம் அந்த வேலையில் தொங்குவதாகத்தான் எனக்குப் பட்டது. உனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னைக் காப்பாற்றுவதற்காக உன் எதிரிலேயே உன்னைச் சாகவிட்டேன்.

நீ ஒரு வடையை எடுத்துத் தையல் இலையில் வைத்து என்னிடம் நீட்டினாய். மூடி வைத்த தட்டிலிருந்து அல்ல, எல்லாருக்கும் கொடுக்கிற தாம்பாளத்திலிருந்து. "சாப்பிடுங்க" என்றாய். பிறந்ததிலிருந்து என்னை வா போ என்று பேசிய பிள்ளை. நான் சாப்பிட்டேன். சுடச்சுட இருந்தது, உப்பு சரியாக இருந்தது, நாக்கு வெந்துபோனது. நன்றாக இருக்கிறது என்றுகூட நான் சொல்லவில்லை. மதாம் என்னைக் குழந்தையோடு ராட்டினத்துப் பக்கம் அனுப்பினார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அடுத்த ஞாயிறு அரியாங்குப்பத்துக்கு வந்தபோது நூறு தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். நீ பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன கேட்டேன் தெரியுமா, உனக்கு ஞாபகம் இருக்கும். "அன்னிக்கி ஸ்டவ்வு நல்லா எரிஞ்சுதா?" என்று கேட்டேன். நீ நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "எரிஞ்சுது. நீங்க வாணலிய ஏத்துங்க, சின்னம்மா புள்ளைங்க பசியா இருக்குதுங்க" என்றாய். முதல் ஈட்டை உன் முன்னால் வைத்தேன். தட்டை அப்படியே நகர்த்திச் சின்னம்மாவின் சின்னவளிடம் கொடுத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு நீ ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. கோபப்பட்டிருந்தால், கதவை அறைந்திருந்தால், நானும் அழுது தீர்த்திருப்பேன். நன்றாகப் படித்தாய். வேலை கிடைத்த மாதமே முதலியார்பேட்டையில் வீடு பார்த்து, "இனிமே நீங்க யாருக்கும் சமைக்க வாணாம்" என்று என்னை அழைத்து வந்தாய். மூட்டுக்கு மருந்து, பண்டிகைக்குப் புடவை, எல்லாம் கேட்காமலே வந்தது. தெருவில் எல்லாரும் என்னைப் பாலு அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடும்போதெல்லாம் திருடின நகையைப் போட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

சரி, என் புத்தியைக் கேட்டுக்கொள். மருமகள் முகம் வாடி உட்கார்ந்திருக்கும்போது ஸ்டவ்வு எரிந்ததா என்று கேட்காதே. கேட்க வேண்டியதைக் கேள். தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு, ஒரு நாள் தள்ளினால் சொல்லவே வராது. அங்கே வேலைக்குப் போகிற இடத்தில் உன் அம்மா என்ன செய்தாள் என்று கேட்டால் சமையல்காரி என்று சொல், சொல்லாமல் விட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது எங்கேயாவது கூட்டத்தில் உன்னைப் பார்த்துக் கையைத் தூக்கினால், பக்கத்தில் யார் நின்றாலும் சரி, நீயும் கையைத் தூக்கு.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்று. உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நான் மதாம் வீட்டுக்குப் போனேன். வெற்றிலைத் தட்டை நீட்டி, "என் மகனுக்குக் கல்யாணம் மதாம்" என்றேன். அந்த வீட்டுக்குள் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். மதாம் கண்ணாடியைப் போட்டுப் பத்திரிகையை முழுக்கப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இறால் வட போட்ட பையன்தான?" என்றார்.

என்னை ராட்டினத்துப் பக்கம் அனுப்பிவிட்டு, வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று அவர் மறுபடியும் உன் கடைக்கு வந்தாராமே. எல்லாம் தீர்ந்துவிட்டதாம், அந்த மூடின தட்டு மட்டும் இருந்ததாம். அதைக் கொடு என்று கேட்டிருக்கிறார். நீ தட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இது எங்கம்மாவுக்கு மதாம்" என்றாயாம். உங்கம்மா எங்கே என்று கேட்டதற்கு, "வேலையில இருக்காங்க. வர முடியல" என்றாயாம். சொல்லும்போது உன் கண் ராட்டினத்துப் பக்கம் போயிற்றாம். அங்கே நான் நின்றிருந்தேன்.

"அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றார் மதாம். "ஏன் கேக்கலன்னு பாக்குறியா? கேட்டா நீ போயிடுவ, உன்ன மாதிரி சமைக்க எனக்கு ஆள் கெடைக்காது, அதுதான் நெசம். அப்புறம் நீயா சொல்லுவன்னு பாத்தேன். ஏழு வருஷம் பாத்தேன். ஞாயித்துக்கெழம தோறும் ரெண்டு ரொட்டி சேத்துக் குடுத்து அனுப்புனனே, அது யாருக்குன்னு நெனச்ச?"

அந்த ரொட்டியை நீ ஒரு நாளும் தொட்டதில்லை. அவருக்குத் தெரிந்தும் நான் வேலையில்தான் இருந்தேன். அப்படியானால் அந்தப் பொய் எதைக் காப்பாற்றியது என்று யோசித்துப் பார்த்தேன் பாலு. ஒன்றையும் இல்லை. பதினாலு வயதில் என் பொய்யை நீ காப்பாற்றினாய். செத்துப்போச்சு என்று சொன்னவளுக்காகத் தட்டை மூடி வைத்துக்கொண்டு, அவள் வேலை போய்விடக் கூடாது என்று பேச்சையும் அளந்து பேசினாய். நீ என்மேல் கோபமாக இருக்கிறாய் என்றே நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். கோபத்தைவிடப் பெரியது எதையோ நீ தனியாகச் சுமந்திருக்கிறாய்.

கல்யாணத்தில் மதாம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாரே, நீ போய்க் காலைத் தொட்டாய். அவர் உன் தலையைத் தடவினார். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். அப்போதாவது உன் பக்கத்தில் வந்து நின்று, இவன் என் பிள்ளை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பந்திக்கு இலை போட்டாயிற்றா என்று யாரையோ கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகும் நீ கிளம்புகிற வரைக்கும் தினமும் உன் முன்னால் சாப்பாடு வைத்தேன், தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். பஸ் ஏறும்போது, "ஒடம்பப் பாத்துக்குங்க" என்றாய். சரி என்றேன்.

இன்றைக்கு ஞாயிறு. காலையில் தேங்காய்த்திட்டிலிருந்து மீன் விற்கிற பூங்காவனம் வந்தாள். கை தன்பாட்டுக்குப் பொடி இறால் வாங்கியது. பருப்பை ஊறவைத்தேன், ஒரு பிடி எடுத்து வைத்தேன், பூண்டைத் தோலோடு தட்டினேன். முதல் ஈட்டைத் தட்டில் எடுத்து, கொல்லையில் வாழையிலை நறுக்கி மூடி வைத்துவிட்டுத்தான் இந்த நோட்டைப் பிரித்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போது பூங்காவனம் காலிக் கூடையோடு தண்ணீர் குடிக்கத் திரும்பி வந்தாள். வாணலிப் பக்கத்தில் இருந்த வடையில் இரண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தின்றுகொண்டே தட்டைக் காட்டி, "இது யாருக்குக்கா, தனியா மூடி வெச்சிருக்க?" என்று கேட்டாள்.

"எம் புள்ளைக்கு" என்றேன்.

"அதான் ஊருக்குப் போயிடுச்சே."

"வேலையில இருக்கான். வர முடியல" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். தட்டு என் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆறிவிட்டது.

பாலு அம்மா